கத்தாத காது மிஷின்

காது கேட்காத பிள்ளைகளுக்கான எங்கள் பயிற்சி நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். எப்போதாவது ஒரு சித்தியோ அத்தையோ வருவார்கள். தினமும் ஒரு அப்பா வந்தார் என்றால், நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருஷத்தில் அவர் ஒருவர்தான்.

அவர் தகரப் பட்டறைக்காரர். டிரங்குப் பெட்டியும் தண்ணீர் டிரம்மும் செய்கிற பட்டறையில் இருபத்திரண்டு வருஷ வேலை. உள்ளங்கை இரண்டும் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்தக் கையால்தான் மகளுக்கு முடி வாரிவிடுவார். முடி என்ன முடி, நாலு இழையைச் சேர்த்துப் பிடித்து ஒரு ரிப்பன், அவ்வளவுதான். அதற்கே காலையில் கால் மணி நேரம் ஆகிறது என்று அலுத்துக்கொள்வார். சம்சாரம் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலை ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி வண்டி வந்துவிடும். அதனால் பட்டறை முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு, பதினோரு மணிக்கு மேல் வேலைக்குப் போகிற மாதிரி இவர் மாற்றிக்கொண்டார்.

குழந்தையை நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம்.

இவருக்குக் குரல் பெரிசு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஆயாம்மா, சௌக்கியமா?" என்று கேட்பார். உள்ளே கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிற அம்மாக்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். "ஸ்பீக்கர் அண்ணன் வந்தாச்சு. இன்னைக்கு நம்ம பிள்ளைங்க யாருக்கும் மிஷின் தேவையில்லடி" என்று ஒருத்தி சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"பட்டறையில கத்திக் கத்திப் பழகிப்போச்சும்மா. மெதுவாப் பேசினா, பேசுறேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுது."

அதை நாங்கள் அன்றைக்கு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் நிலையம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். ஒரு கூடம், இரண்டு அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், தாழ்வாரத்தின் கோடியில் கை கழுவுகிற தொட்டி. காது கேட்காத கைக்குழந்தைகளைப் பிறந்து மூன்று நாலு மாதத்திலிருந்தே இங்கே கொண்டுவருவார்கள். மிஷின் மாட்டி, சத்தம் என்றால் என்ன என்று பழக்கி, பேச்சுப் பக்கம் கொண்டுபோகிற இடம். அங்கிருந்த பழைய டீச்சர் அடிக்கடி சொல்வார்: "பாடம் குழந்தைக்கு இல்ல, வீட்டுக்காரங்களுக்குத்தான். இங்க ஒரு மணி நேரம் இருக்கப்போகுது. மிச்ச நேரமெல்லாம் உங்க கிட்டதானே இருக்கு? பேச்சோ கைஜாடையோ, எந்த வழியா இருந்தாலும் முதல் மூணு வருஷம்தான் பெரிய வாசல். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாச் சாத்திக்கிட்டே வரும்."

பதினைந்து குழந்தைகளுக்குத்தான் அங்கே இடம். வெளியே முப்பது பேருக்கு மேல் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான் கூட்டுவேன், துடைப்பேன், பிள்ளைகள் வாயில் வைத்த பொம்மைகளை மருந்துத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பேன். ஐந்தாவதோடு நின்ற படிப்புதான் எனக்கு. ஆனாலும் காது என்ற ஒன்று போனால் ஒரு வீடு என்னென்ன பாடுபடும் என்பதை ஆண்டவன் எனக்கு அங்கேதான் காட்டினார்.

சிட்டுவுக்குக் காது கேட்கவில்லை என்பது தெரிந்த கதையை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். குழந்தைக்கு நாற்பது நாள் இருக்கும். சம்சாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் பட்டறைக்குப் போயிருக்கிறாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தகரத் தகடு இருபது முப்பது மொத்தமாகச் சரிந்து விழுந்ததாம். தெருவில் போகிறவர்களே காதைப் பொத்திக்கொண்டார்களாம். குழந்தை மட்டும் தூங்கியபடியே இருந்திருக்கிறது.

"எனக்கு ஒரே பெருமை ஆயாம்மா. 'பாருங்கடா, பட்டறைக்குன்னே பிறந்தவ என் மக'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். இவ அம்மா மட்டும் சிரிக்கல. என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா."

ஆறு மாதத்தில் குழந்தைக்கு இரண்டு காதிலும் மிஷின் மாட்டினார்கள். காதுக்கு அளவெடுத்து வார்த்த அச்சு ஒன்று உள்ளே போகும். அதிலிருந்து சின்னக் குழாய், காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை அளவில் மிஷின். தினமும் காலையில் மாட்டுவதற்கு முன்னால் அதைச் சோதிக்க வேண்டும். டாக்டர்கள் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு கேட்கும் குழாய் தருவார்கள். அதைக் காதில் வைத்துக்கொண்டு மிஷினுக்கு முன்னால் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு சத்தம் சொல்லிப் பார்க்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. மிஷினை உள்ளங்கையில் வைத்து மூடினால் 'கீ' என்று கத்தும். கத்தினால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் சரியாக இருந்தால் நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக ஒரு டிக் போட வேண்டும்.

பட்டறைக்காரர் இதைக் கோயில் காரியம் மாதிரி செய்வார். கையைக் கழுவி, துடைத்து, துணி விரித்து, அதன்மேல் மிஷினை வைப்பார். வீட்டில் வேறு யாரையும் தொடவிட மாட்டார். "எங்க வீட்ல நானே தொட முடியாது. பெரிய இன்ஜினியரு" என்று சம்சாரம் ஒருமுறை வந்தபோது சொல்லிச் சிரித்தாள்.

பலனும் தெரிந்தது. ஒன்பதாம் மாதம் கூடத்தில் ஒரு டம்ளர் கீழே விழுந்தபோது சிட்டு திரும்பிப் பார்த்தாள். பத்தாம் மாதம் 'பபப' என்று உதட்டைக் கொட்ட ஆரம்பித்தாள். அன்றைக்கு அவர் வாங்கிவந்த மிட்டாயைத் தெருக்கோடிக் கடைக்காரர் வரைக்கும் கொடுத்தார்.

பிறகு மழைக்காலம் வந்தது. பழைய டீச்சர், மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் லீவில் போனார். அவர் இடத்துக்குப் புது டீச்சர் வந்தார். நல்ல பெண்தான், கெட்டிக்காரி. ஆனால் வந்த புதிதில் யாருக்கும் இருக்கிற படபடப்பு அவருக்கும் இருந்தது. பழைய டீச்சர் வாரத்துக்கு ஒருமுறை எல்லா மிஷினையும் தானே கேட்டுப் பார்ப்பார். அது எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. அதனால் புதியவருக்குத் தெரியவில்லை. பெற்றவர்கள் 'சரியாக இருக்கிறது' என்றால் சரி என்று விட்டுவிட்டார்.

அந்த மழையில்தான் சிட்டு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனாள். 'பபப' நின்றது. டம்ளர் விழுந்தாலும் திரும்புவதில்லை. ரப்பர் வளையத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மிஷின் போட்ட குழந்தைகளைத் தோளில் சாய்த்தால் அச்சு அசைந்து 'கீ' என்று கத்தும். எங்கள் கூடத்தில் நாள் முழுக்க அந்தக் கத்தல்தான். தலைவலியே வந்துவிடும். அந்த மழை நாள்களில் சிட்டுவை மட்டும் எப்படித் தூக்கினாலும் கத்தாது. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. புது டீச்சர்கூட மற்ற அம்மாக்களிடம், "பாருங்க, அண்ணன் அச்சை எவ்வளவு கச்சிதமா மாட்டியிருக்காரு. ஒரு விசில் வரல" என்று சொன்னார். பட்டறைக்காரர் கூச்சத்தோடு தலையாட்டினார். நாங்கள் எல்லோரும் நாள்கணக்காக அந்த அமைதியை மெச்சிக்கொண்டிருந்தோம்.

ஆனால் நாள் போகப்போக டீச்சருக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. குழந்தை உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்கிறதா என்று பார்க்க, டீச்சர் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவார். அப்படி மறைத்தபடியே பட்டறைக்காரரிடமும் சிலசமயம், "அப்பா, இப்ப நீங்க கூப்பிடுங்க" என்பார். அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். இரண்டு தடவை, மூன்று தடவை இப்படி நடந்தது. டீச்சர் முகம் சிவந்துபோகும்.

"நான் சொல்றதை மதிக்கவே மாட்டேங்குறாரு ஆயாம்மா. இங்கயே இப்படின்னா வீட்ல என்ன செய்வாரு? மிஷினை எடுத்துப் பெட்டியில வச்சுட்டு நோட்ல டிக் மட்டும் போட்டுட்டு வர்றாருன்னு நினைக்கிறேன்."

வீட்டில் பயிற்சி செய்யாதவர்களின் இடத்தை அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிடலாம் என்று நிலையத்தில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த நிலையம் ஆறு மணி நேரப் பிரயாணத்தில் வேறு ஊரில் இருக்கிறது. சிட்டுவின் விஷயத்தைப் பேசி முடிவு செய்ய ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் வர வேண்டும் என்று கடிதம் போனது.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். சம்சாரம் லீவு போட்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தாழ்வாரத்து பெஞ்சில் அவர்களுக்கு முன்னாலேயே ஒரு பெண் ஐந்து மாதக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பட்டியலில் அடுத்த பெயர் அவளுடையது. இடம் காலியானால் அன்றைக்கே சேர்த்துக்கொள்ள வரச்சொல்லியிருந்தார்கள். இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

சம்சாரத்தைப் படிவம் எழுத உள்ளே கூப்பிட்டார்கள். பட்டறைக்காரர் தொட்டிப் பக்கம் வந்து, துணியை விரித்து, சிட்டுவின் மிஷின்களைக் கழற்றிச் சோதிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் தரை கூட்டிக்கொண்டிருந்தேன்.

வலது மிஷினை உள்ளங்கையில் வைத்து மூடினார். தலையை ஆட்டிக்கொண்டார். இடதை மூடினார். மறுபடியும் தலையாட்டினார். பேனாவை எடுத்தார்.

எனக்குக் குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். "தம்பி, இன்னொரு தடவை மூடுங்க."

மூடினார்.

"கத்துதா?"

"கத்துது ஆயாம்மா. நல்லா கத்துது."

"எனக்குக் கேட்கலையே தம்பி."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. இந்த மனிதர் எப்போதும் யார் பேசினாலும் முகத்துக்கு நேராக வந்து நிற்பது எதற்கு, அட்டையால் வாயை மறைத்தால் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று.

"தம்பி, உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்குமா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல்முறையாக மெல்லப் பேசினார். "ஒரு நாளும் கேட்டதில்ல ஆயாம்மா. ஆரம்பத்துல பக்கத்துல இருக்கிறவங்க முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவேன். குழாய் வச்சா ஆ, ஊ எல்லாம் நல்லா கேட்கும். அதை வச்சு டிக் போடுவேன். இப்ப ஒன்றரை மாசமா அதுவும் கேட்கல."

"அப்புறம் ஏன் தம்பி டிக் போட்டீங்க?"

"மிஷின் போச்சா, என் காது போச்சான்னு எனக்குத் தெரியல. என் காதுதான் மொத்தமா போயிடுச்சுன்னு நினைச்சேன். வாரா வாரம் பேட்டரி மாத்துறேன், தினமும் துடைக்கிறேன், நல்லாத்தானே வச்சிருக்கேன், மிஷினுக்கு என்ன வரப்போகுதுன்னு."

நான் துணியில் கிடந்த அந்த இரண்டு அவரைக்கொட்டைகளைப் பார்த்தேன். ஒன்றரை மாதம். அந்தப் பிள்ளை காதில் அடைப்பை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருக்கிறது.

"உள்ள போய் சொல்லுங்க தம்பி. இப்பவே."

"முடியாது ஆயாம்மா." கையைப் பிடித்துக்கொண்டார். "நான் தகடு வெட்டுற மிஷின்ல நிக்கிறவன். எதிர்ப்பக்கம் ஒருத்தன் தகட்டைப் பிடிச்சிருப்பான். அவன் 'நிறுத்து'ன்னு சொன்னா நான் நிறுத்தணும். காது கேட்கலைன்னு தெரிஞ்சா அன்னைக்கே இறக்கிடுவாங்க. வேற வேலை எனக்குத் தெரியாது. என் காது விஷயம் சம்சாரத்துக்கும் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"ஐயோ, என்ன பேச்சு பேசுறீங்க!"

நான் கடவுளை நினைத்துக்கொண்டேன். சொன்னால் இந்த மனிதர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தையின் இடம் போகும். கூடத்துக் கடிகாரத்தில் பத்தே முக்கால் ஆகியிருந்தது.

"நான் என் வாயால சொல்லமாட்டேன் தம்பி. சொல்லவேண்டிய வாய் உங்களுடையது" என்றேன். சொன்னேனே தவிர, அவர் பேசாவிட்டால் என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

உள்ளேயிருந்து சம்சாரம் வந்து, "என்னங்க, கூப்பிடுறாங்க" என்றாள். அவர் மிஷின்களை எடுத்துக் குழந்தைக்கு மாட்டினார். இடது அச்சு இரண்டு தடவை நழுவியது.

அறையில் பெரிய மேடம் உட்கார்ந்திருந்தார். நிலையத்தை நடத்துகிறவர் அவர்தான். அதிகம் பேசமாட்டார். "ஆயாம்மா, நீங்க குழந்தையை வச்சுக்கிட்டு இப்படி உட்காருங்க" என்றார். நான் சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

புது டீச்சர் என் பின்னால் நின்று அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு "ஆ" என்றார். சிட்டு வளையத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஊ." கடித்துக்கொண்டேயிருந்தாள். ஆறு சத்தமும் ஆனது. சம்சாரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் தானே குழந்தையாகி விட்ட மாதிரி அசைந்து அசைந்து பார்த்தாள்.

டீச்சர் நோட்டை மேஜையில் வைத்தார். "நாற்பத்து மூணு நாள் மேடம். ஒரு நாள் விடாம டிக் இருக்கு. மிஷின் போட்டிருந்தா குழந்தை இப்படி இருக்குமா? நீங்களே சொல்லுங்க."

மேடம் பட்டறைக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "வீட்ல மிஷின் போடுறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"போடல மேடம்" என்றார்.

சோம்பேறி என்று பேர் வாங்கினாலும் வாங்குவேன், செவிடன் என்று வாங்கமாட்டேன் என்று அந்த ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டார். டீச்சர், "பார்த்தீங்களா மேடம்" என்றார். மேடம் பேனா மூடியைத் திறந்தார். வெளியே பெஞ்சில் அந்த ஐந்து மாதக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"பொய்!" என்றாள் சம்சாரம்.

எல்லோரும் திரும்பினோம். அவள் எழுந்து நின்றிருந்தாள். "பொய் சொல்றாரு மேடம். தினமும் நான் கம்பெனி விட்டு வந்ததும் முதல்ல பிள்ளை காதைத்தான் தடவிப் பார்ப்பேன். அச்சு அழுத்தின தடம் உள்ள சிவப்பா இருக்கும். நாள் முழுக்கப் போட்டாத்தான் அப்படித் தடம் விழும். ஒரு நாள்கூட அது இல்லாம இருந்ததில்ல." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, செய்யாத தப்பை ஏன் தலையில போட்டுக்கிறீங்க? யாரைக் காப்பாத்துறீங்க? என் பிள்ளை இடம் போகுதுங்க!"

அவர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழுகையில் வார்த்தைகள் குழறின. பாதி புரிந்ததோ முழுக்கப் புரிந்ததோ தெரியாது. மெதுவாக என் பக்கம் வந்து குனிந்து, சிட்டுவின் இரண்டு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றினார். மேஜைமேல், மேடத்துக்கு முன்னால் வைத்தார்.

"மேடம், இதை நீங்க கையில மூடிப் பாருங்க. கத்துதான்னு சொல்லுங்க. எனக்குக் கேட்காது."

மேடம் வலது மிஷினை எடுத்து மூடினார். ஒன்றுமில்லை. இடதை மூடினார். ஒன்றுமில்லை.

"எத்தனை நாளா உங்களுக்குக் கேட்கல?" என்று கேட்டார், நன்றாக முகத்தைக் காட்டி, நிதானமாக.

"வருஷக்கணக்கா மேடம். கொஞ்சம் கொஞ்சமா போச்சு. யாருக்கும் தெரியாது. இவளுக்கும் தெரியாது."

சம்சாரம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டா வராம இருக்கும்போதெல்லாம், திமிருன்னுதானே நினைச்சேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புது டீச்சர் ஓடிப்போய்க் கேட்கும் குழாயை எடுத்துவந்தார். காதில் வைத்துப் பார்த்தவரின் முகம் வெளுத்துவிட்டது. "வலது சுத்தமா செத்துப்போச்சு மேடம். இடது கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு." ரப்பர் பந்தை வைத்து இடது பக்கக் குழாயில் காற்றை ஊதினார். ஒரு பொட்டுத் தண்ணீர் மேஜையில் தெறித்தது. மழைக்கால ஈரம் குழாய்க்குள் வேர்த்து அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு பொட்டுக்காகத்தான் அன்றைக்கு ஒரு குழந்தையின் இடம் போக இருந்தது.

டீச்சர் மறுபடி கையில் வைத்து மூடினார். 'கீ' என்று கத்தியது. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அவர் மட்டும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, "கத்துதா? கத்துதா?" என்று கேட்டார்.

"கத்துது தம்பி" என்றேன்.

வலதுக்கு அலமாரியிலிருந்து மாற்று மிஷின் எடுத்து மாட்டினார்கள். டீச்சர் என் பின்னால் போனார். அட்டையால் வாயை மறைத்துக்கொண்டார். "ஊ..." என்றார்.

வளையம் சிட்டுவின் வாயில் அப்படியே நின்றது. கண் பெரிதாக விரிந்தது. என் மடியில் அவள் உடம்பு கட்டையாக விறைத்ததை நான் உணர்ந்தேன். பிறகு வீல் என்று அழ ஆரம்பித்தாள். ஒன்றரை மாதம் கழித்து உலகம் திடீரென்று காதுக்குள் வந்து இறங்கினால் பயப்படாமல் என்ன செய்வாள்? சம்சாரம் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, "கேட்குதுடி, கேட்குதுடி" என்று தானும் அழுதாள்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "இடம் இருக்கட்டும். தப்பு நம்ம பக்கமும் இருக்கு. மிஷின் கத்தலைன்னா ஏன் கத்தலைன்னு நாம கேட்டிருக்கணும். அது சரியா பொருந்தியிருக்குன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்திருக்கோம்." டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு பட்டறைக்காரர் எதிரில் போய் நின்று, "என்னை மன்னிச்சிடுங்க அண்ணா" என்றார். அவருக்கு அது கேட்கவில்லை. குனிந்த முகத்தில் உதடு தெரியவில்லை. டீச்சர் நிமிர்ந்து மறுபடி சொன்னார்.

"நான்தான் டீச்சர் மன்னிப்புக் கேட்கணும்" என்றார் அவர்.

பிறகு சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "தகட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரே ஒரு மனுஷன், அவருக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்குல்ல? அவர் 'நிறுத்து'ன்னு கத்தி உங்களுக்குக் கேட்காம ஏதாவது ஆயிருந்தா?" அவர் அன்றைக்கு மத்தியானமே பட்டறைக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டார். பயந்தபடியே வெட்டுகிற மிஷினிலிருந்து இறக்கினார்கள். பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருஷ வேலைக்காரர், நேற்று வந்தவர்களோடு உட்கார்ந்து பிரஷ் பிடித்தார். முதல் வாரம் யாரோடும் பேசவில்லை என்று சம்சாரம் சொன்னாள்.

பெஞ்சில் இருந்த பெண்ணிடம் "இன்னைக்கு இல்லம்மா" என்று சொல்கிற வேலை எனக்கு விழுந்தது. அவள் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். இரண்டு மாதம் கழித்து வேறொரு குடும்பம் ஊர் மாறிப்போனபோது அவளுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் அந்த இரண்டு மாதம் அந்தப் பிள்ளைக்குப் போனது போனதுதான். அதை நினைத்து நான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

சிட்டு வீட்டில் இப்போது சம்சாரம் ஐந்தேகாலுக்கே எழுந்து மிஷினைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறாள். கழுவுவது, துடைப்பது, மாட்டுவது எல்லாம் பழையபடி அவர்தான். பழைய டீச்சர் திரும்பி வந்ததும் பட்டறைக்காரருடைய காதையும் சோதித்தார்கள். 'கீ' மாதிரி மேல் சத்தமெல்லாம் போய்விட்டது, 'ஊ' மாதிரி அடிச் சத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார்கள். அவருக்கும் மிஷின் மாட்டலாம் என்றதற்கு, "முதல்ல அவளுக்கு ஒரு வழி பிறக்கட்டும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டேயிருந்தார்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு நாள் கூடத்தில் ஒரே இரைச்சல். ஒரு பையன் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தான், இரண்டு குழந்தைகள் அழுதன. பட்டறைக்காரர் ஓரமாக உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிட்டு தவழ்ந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். உதட்டைக் குவித்தாள்.

"ப்பா."

என் கையிலிருந்த பொம்மை விழுந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் கோபமாக: "ப்பா!"

அவர் பக்கம் புரட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டேன். "என்ன ஆயாம்மா?" என்றார். நான் பின்னால் கையைக் காட்டினேன். அவர் திரும்பினார். சிட்டு அவரைப் பார்த்ததும் வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"கூப்பிட்டா தம்பி. அப்பான்னு கூப்பிட்டா. ரெண்டு தடவை."

அவர் முட்டி போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். அம்மாக்கள் டப்பா தட்டுகிற பையனைப் பிடித்து நிறுத்தினார்கள். அழுகிற குழந்தைகளைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார்கள். சிட்டு எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள். நேரம் போய்க்கொண்டேயிருந்தது. ஒருத்தி, "அவ்வளவுதான் போல" என்று முணுமுணுத்தாள்.

பிறகு, எங்களுக்குப் பயந்தவள் மாதிரி மெல்ல, உதட்டைக் குவித்துப் பிரித்தாள். எனக்குக் கேட்டது.

"கேட்டுச்சா தம்பி?" என்றேன்.

அவர் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல ஆயாம்மா" என்றார். "பார்த்தேன்."

மறுநாள் காலையில் தன் காதுக்கு அச்சு எடுக்கச் சொல்லி அவரே வந்து நின்றார்.